கிடைக்கவில்லை என்று எழுத ஏன் இவ்வளவு தயக்கம்?

ஒளித்துவைத்த டப்பாவைத் தேடிப் பிடிக்கும் ஜியோகேச்சிங் விளையாட்டை ஆடுகிறவர்களிடம் இதுவரை எத்தனை டப்பா கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டால் எண் உடனே வந்து விழும். சிலர் மாதவாரியாக, டப்பாவின் வகைவாரியாகக்கூடச் சொல்வார்கள். எத்தனை முறை கிடைக்காமல் திரும்பினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு, “அதையெல்லாம் யார் கணக்கு வைக்கிறார்கள்?” என்பார்கள். கணக்கு வைக்க விளையாட்டின் இணையதளத்திலேயே வசதி இருக்கிறது. கண்டுபிடித்தால் மஞ்சள் நிறத்தில் சிரித்த முகம். தேடியும் கிடைக்காவிட்டால் நீல நிறத்தில் வாடிய முகம். இரண்டாவதற்கு டிஎன்எஃப், அதாவது ‘டிட் நாட் ஃபைண்ட்’ என்று பெயர். பதிவிட ஆகும் நேரம் இரண்டுக்கும் ஒன்றுதான். இருந்தாலும் அந்த நீல முகத்தைத் தன் பெயருக்குப் பக்கத்தில் பார்க்கப் பலருக்கு மனம் வருவதில்லை. முள் கிழித்து, முட்டி தேய்ந்து, அரைநாள் அலைந்துவிட்டு, வீட்டுக்குப் போனதும் அந்தப் பக்கம் போகவே இல்லை என்பது போல இருந்துவிடுகிறார்கள். இது எனக்குக் கொஞ்ச காலமாகவே உறுத்திக்கொண்டிருக்கிறது. நான் ஒளித்துவைத்த ஒரு டப்பாவுக்கு நடந்ததைப் பார்த்த பிறகு உறுத்தல் கூடிவிட்டது.

இந்த விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒருவர் ஒரு டப்பாவை எங்காவது ஒளித்து, அந்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையைத் தளத்தில் போடுவார். மற்றவர்கள் ஜிபிஎஸ் வைத்துத் தேடிப் போவார்கள். உள்ளே இருக்கும் தாளில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, எடுத்த இடத்தில் எடுத்த மாதிரியே வைத்துவிட்டு வருவார்கள். பரிசு கிடையாது, நடுவர் கிடையாது. வீட்டுக்கு வந்து தளத்தில் ஒரு குறிப்பு எழுதுவார்கள். ஒருவர் சொல்வதை மற்றவர் நம்புவதால் மட்டுமே நடக்கிற ஆட்டம் இது.

பூஜ்யத்துக்குப் பிறகுதான் வேலை

ஜிபிஎஸ் நம்மை டப்பாவுக்கு நேர் மேலே கொண்டுபோய் நிறுத்திவிடும் என்றுதான் புதிதாக வருகிறவர்கள் நினைக்கிறார்கள். திறந்த வானத்தின் கீழே ஒரு போன் ஏறக்குறைய 5 மீட்டர் வட்டத்துக்குள் இடத்தைச் சொல்லும். அடர்ந்த மரங்கள், பாறை இடுக்கு, உயரமான சுவர் என்றால் இன்னும் விலகும். வைத்தவர் அளவெடுத்தபோதும் இதே விலகல் இருந்திருக்கும். இரண்டையும் கூட்டிப் பார்த்தால், திரையில் தூரம் பூஜ்யம் என்று வந்த இடத்திலிருந்து பத்து மீட்டருக்குள் எங்கோ டப்பா இருக்கிறது என்றுதான் சொல்ல முடியும். அது பழைய ராணுவத் தோட்டாப் பெட்டியாக இருக்கலாம். விரல் நுனி அளவே உள்ள காந்தம் ஒட்டிய நானோவாகவும் இருக்கலாம். அதற்கு மேல் கருவியைப் பையில் போட்டுவிட்டுக் கண்ணை நம்ப வேண்டியதுதான். இயற்கையாகக் குவியாத கற்குவியல், மற்றதைவிடக் கொஞ்சம் புதிதாக இருக்கும் ஒரு மரப்பட்டைத் துண்டு, தேவையில்லாமல் இருக்கும் ஒரு ஆணி. பழகிய கண்ணுக்கு இதெல்லாம் தட்டுப்படும். தட்டுப்படாத நாளும் வரும். எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் வரும்.

இதற்கு நடுவே மக்கிள்களைச் சமாளிக்க வேண்டும். ஆட்டத்தில் இல்லாத மற்ற எல்லோரும் நமக்கு மக்கிள்கள்தான். யாராவது வந்தால் ஷூ கயிற்றைக் கட்டுவது, போனில் யாருடனோ தீவிரமாகப் பேசுவது, இல்லாத பறவையை அண்ணாந்து பார்ப்பது என்று ஆளுக்கொரு நடிப்பு வைத்திருக்கிறோம். ஒளிரும் பட்டை வைத்த மேல்சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்கு வந்தவர் போல நின்றுகொள்வது இன்னொரு வகை. அதைப் போட்டால் யாரும் எதுவும் கேட்பதில்லை என்பது உண்மைதான். சிரிப்பாக இருந்தாலும் இதற்குக் காரணம் உண்டு. யாராவது பார்த்துவிட்டால் நாம் போன பிறகு டப்பா காணாமல் போகும். அதைவிட மோசமானதும் நடக்கும். 2011-இல் இங்கிலாந்தின் வெதர்பி நகரில் ஒருவர் எதையோ ஒளித்துவைப்பதைப் பார்த்தவர்கள் காவல்துறைக்குச் சொல்லிவிட, வெடிகுண்டு நிபுணர்கள் வந்து ஒரு அப்பாவி டப்பாவை வெடிக்கவைத்து அழித்தார்கள். டப்பாவின் மேலேயே இது ஜியோகேச் என்று எழுதி ஒட்டுங்கள், முடிந்தால் உள்ளே இருப்பது தெரிகிற பாத்திரமாக வையுங்கள் என்று ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள் என்பது இதைக் கேட்டால் புரியும்.

மற்ற நாகரிகங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே இருக்கும் சின்னப் பொருளை எடுத்தால் அதே மதிப்புள்ளதையோ மேலானதையோ வைக்க வேண்டும். உடைந்த சாவிக்கொத்தும் கசங்கிய ரசீதும் பொருளாகாது. எண் பொறித்த பயணவில்லையை எடுத்தால் வீட்டு அலமாரியில் வைக்கக் கூடாது, அடுத்த டப்பாவுக்கு நகர்த்த வேண்டும். தின்பண்டம் வைத்தால் விலங்குகள் டப்பாவையே கடித்துப் போடும். ஒளிக்கப் பள்ளம் தோண்டக் கூடாது. வேடிக்கை என்னவென்றால், இந்த விளையாட்டின் முதல் டப்பாவையே இன்று இந்தத் தளம் ஏற்காது.

2000-ஆம் ஆண்டு மே முதல் தேதி நள்ளிரவு வரை, பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழையைக் கலந்துதான் அனுப்பிக்கொண்டிருந்தது. 100 மீட்டர் வரைகூட விலகும். அதை வைத்து ஒரு மைதானத்தைக் கண்டுபிடிக்கலாம், டப்பாவைக் கண்டுபிடிக்க முடியாது. அப்படிப் பிழை கலப்பதை நிறுத்தியதும், மே 3 அன்று டேவ் அல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் என்ற ஊருக்கு அருகே ஒரு கறுப்பு வாளியைப் பாதி மண்ணில் புதைத்துவைத்து, அதன் இடத்தை யூஸ்நெட் என்ற பழைய இணைய விவாத மேடையின் ஒரு குழுவில் அறிவித்தார். உள்ளே புத்தகம், மென்பொருள், கொஞ்சம் பணம், ஒரு கவண், ஒரு டின் பீன்ஸ். புதைத்ததும் தப்பு, பீன்ஸும் தப்பு என்று இன்றைய விதியை வைத்து நாம் சிரிக்கலாம். ஆனால் அவர் சொன்ன விதிமுறையைப் பாருங்கள்: எதையாவது எடுங்கள், எதையாவது வையுங்கள், குறிப்பேட்டில் எழுதுங்கள். எழுதுவது முதல் நாளிலிருந்தே ஆட்டத்தின் பாதி. தளம், மஞ்சள் முகம், புள்ளிக்கணக்கு எல்லாம் பிறகு வந்தவை.

இரண்டு டப்பா

இப்போது என் டப்பாவுக்கு வருகிறேன். குளிர்பானப் புட்டியாக ஊதிப் பெரிதாக்குவதற்கு முன்னால், தடித்த கண்ணாடிச் சோதனைக் குழாய் மாதிரி ஒரு பிளாஸ்டிக் குழாய் இருக்கும் பாருங்கள், அதுதான். திருகு மூடி இறுக்கமாக உட்காரும், தண்ணீர் போகாது. அதற்குப் பாறை நிறத்தில் சாயம் பூசி, கழுத்தில் கம்பி கட்டி, ஒரு செங்குத்தான மலைச்சரிவில், பாறைப் பிளவின் உள்பக்க விளிம்பில் தொங்கவிட்டிருந்தேன். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. கையை உள்ளே விட்டு மேல்நோக்கி மடக்கினால் விரலில் படும். தளத்தில் ஐந்துக்குக் கடினம் 1.5, தரை 4 என்று குறித்திருந்தேன். அதாவது தேடுவது சுலபம், ஏறிப் போவதுதான் பாடு. சில இடங்களில் கையை ஊன்றித்தான் ஏற வேண்டும். தேடுகிறவர்களுக்கு உதவியாக ஒரு துப்பும் கொடுத்திருந்தேன். வழக்கம்போல எழுத்துகளைப் பதின்மூன்று இடம் தள்ளிப் போட்டுத்தான் தளம் அதைக் காட்டும். வேண்டுமென்றால் ஒரு பொத்தானைத் தட்டிப் படித்துக்கொள்ளலாம்.

ஆரம்பத்தில் நல்ல குறிப்புகள் வந்தன. பிறகு வெகுநாள் ஒன்றுமே வரவில்லை. மழைக்காலம், யாரும் ஏறுவதில்லை போல என்று விட்டுவிட்டேன். அப்புறம் திடீரென்று மறுபடி வரிசையாக மஞ்சள் முகங்கள். ‘சுலபமாகக் கிடைத்தது’, ‘கண்ணெதிரிலேயே இருந்தது’, ‘காட்சி அருமை, நன்றி’. இதைப் படிக்கும் எந்த உரிமையாளருக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கும். எனக்கும் இருந்தது. ஆனால் கண்ணெதிரில் எப்படி இருக்கும் என்று ஒரு நெருடல். நான் வைத்தது கண்ணுக்கே தெரியாது.

ஒருநாள் தாள் மாற்றப் போனேன். பிளவுக்கு முன்னால், ஒரு தட்டைக் கல்லின் கீழே, கறுப்பு நிறத்தில் பிலிம் டப்பா ஒன்று உட்கார்ந்திருந்தது. 35 மி.மீ. பிலிம் சுருள் வருமே, சாம்பல் நிற மூடி போட்டது, அதே டப்பா. மூடி சரியாகப் பதியவில்லை. உள்ளே தாள் ஈரத்தில் பொதபொதவென்று ஊறிப்போய், விரித்தால் கையோடு வந்துவிடும் போலிருந்தது. மைப் பேனாவில் எழுதிய பெயர்கள் ஊதா மேகமாகப் பரவிக் கிடந்தன. பென்சிலில் எழுதியவை மட்டும் படிக்கிற மாதிரி இருந்தன. (பென்சில் கொண்டுபோங்கள். இதற்காகத் தனிக் கட்டுரையே எழுதலாம்.) அந்தப் பெயர்கள் எல்லாம் தளத்தில் சமீபத்தில் நன்றி சொன்னவர்களுடையவை. சரி, என் குழாயை யாரோ கொண்டுபோய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டே, பழக்கதோஷத்தில் பிளவுக்குள் கையை விட்டேன். விரலில் கம்பி பட்டது.

குழாய் நான் தொங்கவிட்ட இடத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. திறந்தேன். தாள் மொடமொடவென்று காய்ந்து இருந்தது. கடைசிப் பெயருக்குக் கீழே முக்கால் தாள் வெறுமையாக இருந்தது. இரண்டு தாள்களையும் பாறையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம் வந்தது என்று சொன்னால் சரியாக இருக்காது. இத்தனை பேர் இவ்வளவு தூரம் ஏறி வந்து, நான் வைத்த டப்பாவுக்கு ஒரு கை தூரத்தில் நின்று, வேறு எதையோ கண்டுபிடித்துவிட்டு எனக்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள். இதை என்னவென்று எடுத்துக்கொள்வது?

கீழே இறங்கி வந்து பழைய குறிப்புகளை நிதானமாகப் படித்தேன். அமைதிக்குப் பிறகு வந்த முதல் மஞ்சள் முகத்தில் எல்லாம் இருந்தது. பழைய டப்பா காணாமல் போய்விட்டது போலத் தெரிகிறது, வைத்தவருக்கு உதவியாக இருக்கட்டும் என்று புதிதாக ஒன்று வைத்துவிட்டேன், நன்றி என்று எழுதியிருந்தார். ஆட்டத்தில் இதைத் த்ரோடவுன் என்பார்கள். மறைந்திருந்த செய்தியில்லை, பாராட்டுகளோடு கலந்து வந்ததால் நான் கவனித்துப் படிக்காமல் கடந்த வரி. இன்னொருவர் குறிப்பில், போன தடவை நண்பர்களோடு வந்து கிடைக்காமல் போனது, இந்தத் தடவை கிடைத்துவிட்டது என்று இருந்தது. அந்தப் போன தடவையைப் பற்றித் தளத்தில் ஒரு வரி இல்லை. ஆக, நான் மழை என்று நினைத்த அந்த அமைதியில் ஆட்கள் ஏறி வந்துகொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

உதவி என்று நினைத்துச் செய்வது

புது டப்பா வைத்தவரைக் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. பையில் நாலைந்து பிலிம் டப்பாவோடு சுற்றுகிறவர்களை எனக்குத் தெரியும். நல்ல மனிதர்கள், நனைந்த தாளைப் பார்த்தால் தங்கள் செலவில் மாற்றிவிட்டுப் போவார்கள். அந்த ஏற்றத்தை ஏறி வந்தவருக்கு வெறுங்கையோடு இறங்க மனம் வராது என்பதும் புரிகிறது. சில இடங்களில் இது வழக்கமாகவே ஆகிவிட்டது. நெவாடா பாலைவனத்தில் ஈ.டி. நெடுஞ்சாலை ஓரமாக 161 மீட்டருக்கு ஒன்று என்று பிலிம் டப்பாக்களை வரிசையாக வைத்த தடம் ஒன்று பிரபலம். இரண்டு டப்பாக்களுக்கு இடையே விதிப்படி இருக்க வேண்டிய குறைந்தபட்ச தூரம் அது. இந்த மாதிரித் தடங்களில் காணாமல் போனால் நீங்களே ஒன்று வைத்துவிடுங்கள் என்று வைத்தவர்களே கேட்டுக்கொள்வது உண்டு. அங்கே வண்டியை நிறுத்துவது, எழுதுவது, அடுத்ததற்குப் போவது என்பதுதான் ஆட்டம். அது பிடித்தவர்கள் ஆடட்டும். ஆனால் ஒருவர் யோசித்து, ஒரே ஒரு பிளவைத் தேர்ந்தெடுத்து ஒளித்த இடத்தில் அந்தப் பழக்கத்தைக் கொண்டுவரும்போதுதான் சிக்கல்.

எனக்குக் கிடைக்கவில்லை என்பது ஒரு தகவல். அதை ‘டப்பா காணோம்’ என்று அவர் மாற்றினார். அப்புறம் அந்த முடிவின் மேலேயே ஒரு டப்பாவை வைத்து, அதில் தன் பெயரை எழுதி, கண்டுபிடித்ததாகவும் பதிந்தார். தானே வைத்ததைத் தானே கண்டுபிடிப்பது எப்படி என்று நான் யோசித்துப் பார்த்துவிட்டேன், விடை கிடைக்கவில்லை. நல்லெண்ணம் இருக்கட்டும். தளத்தின் வழிகாட்டியும் இப்படி வைக்காதீர்கள், கிடைக்கவில்லை என்றே பதியுங்கள் என்றுதான் சொல்கிறது. டப்பா இருக்கிறதா இல்லையா என்று போய்ப் பார்ப்பது வைத்தவரின் பொறுப்பு. அவர் போய்ப் பார்க்க வேண்டுமென்றால் யாராவது சொல்ல வேண்டும். நாலு நீல முகம் வரிசையாக வந்திருந்தால் அந்த வாரக் கடைசியிலேயே ஏறியிருப்பேன்.

அந்தப் பெயர்களை என்ன செய்வது என்பதுதான் என்னைத் தூங்கவிடாத கேள்வி. தாளில் கையெழுத்து இல்லாத பதிவை நீக்க வைத்தவருக்கு உரிமை உண்டு. கறாராகப் பார்த்தால் என் தாளில் இவர்கள் யாருடைய பெயரும் இல்லை. ஆனால் பின்னால் வந்தவர்கள் என்ன பிழை செய்தார்கள்? கொடுத்த இடத்துக்கு வந்தார்கள், ஒரு டப்பா இருந்தது, பெயர் எழுதினார்கள். அது யார் வைத்த டப்பா என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அவர்களை விட்டுவிட்டேன். முதலாமவருடைய பதிவை மட்டும் நீக்கி, காரணத்தையும் எழுதினேன்: உங்கள் உதவிக்கு நன்றி, அசல் டப்பா அதே இடத்தில் இருக்கிறது, மறுபடி வந்தால் கண்டிப்பாகக் கிடைக்கும்.

உடனே பதில் வந்தது. “ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்கு இவ்வளவு சட்டம் பேசுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. விளையாட்டுதானே?” என்று கேட்டிருந்தார். விளையாட்டுதான், மறுக்கவில்லை. “கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தால் நான் அன்றைக்கே வந்து பார்த்திருப்பேன், இவ்வளவு பேச்சே வந்திருக்காது” என்று எழுதினேன். “எழுதினால் எனக்குத் தேடத் தெரியவில்லை என்றுதானே எல்லோரும் நினைப்பார்கள்?” என்று ஒரே வரி வந்தது. அதற்குப் பிறகு அவர் எழுதவில்லை. அந்த ஒரு வரிக்காக அவர் மேல் எனக்கு மரியாதைதான் வந்தது. எல்லோரும் மனதில் வைத்திருப்பதை அவர் சொல்லிவிட்டார்.

படிக்கிறவர் பக்கத்திலிருந்து

நீல முகம் வந்தால் வைத்தவருக்கு என்ன தோன்றும் என்று சொல்கிறேன். வந்தவருக்குத் தேடத் தெரியவில்லை என்று ஒருநாளும் தோன்றியதில்லை. முதலில், வந்தாரே என்று தோன்றும். அப்புறம், எங்கே தேடியிருப்பார் என்று. நல்ல டிஎன்எஃப் குறிப்பு ஒன்றைப் படிப்பது, ‘நன்றி’ என்று மட்டும் எழுதிய பத்து மஞ்சள் முகங்களைவிட எனக்குச் சுவாரசியமானது. பிளவின் அடிப்பக்கம் முழுக்கத் தடவினேன், துப்பைப் படித்தேன், ஒரு குடும்பம் வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டது, இருட்டுவதற்குள் இறங்கிவிட்டேன் என்று எழுதினால் டப்பா இருக்கிறதா இல்லையா என்று வீட்டிலிருந்தே பாதி ஊகித்துவிடுவேன். அடிப்பக்கம் தடவியவர் மேல்பக்கம் தடவவில்லை, டப்பா இருக்கிறது. பிளவுக்குள் எல்லாப் பக்கமும் தடவினேன், அறுந்த கம்பித் துண்டு மட்டும் இருந்தது என்றால் மறுபேச்சில்லை, புதுக் குழாயோடு கிளம்ப வேண்டியதுதான்.

வைத்தவர்களும் இதில் சுத்தம் இல்லை. டிஎன்எஃப் வந்தால் தங்களை யாரோ குறை சொல்லிவிட்ட மாதிரி, ‘டப்பா அங்கேதான் இருக்கிறது, நன்றாகத் தேடுங்கள்’ என்று வெடுக்கென்று பதில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதைப் படித்த பிறகு அடுத்தவருக்கு எழுத எப்படி மனம் வரும்? வருடக் கணக்கில் போய்ப் பார்க்காமல், நீல முகங்கள் குவிந்து, தன்னார்வலராக இருக்கும் மேற்பார்வையாளர் வந்து பக்கத்தை மூடும்வரை அசையாதவர்களும் உண்டு. அந்த மாதிரி டப்பாக்களால்தான் த்ரோடவுனுக்கே ஒரு நியாயம் பிறக்கிறது என்று வாதாடுகிறவர்களிடம் எனக்குப் பதில் இல்லை.

பிலிம் டப்பாவை எடுத்துவிட்டு, என்ன நடந்தது என்று தளத்தில் டப்பாவுக்கான பக்கத்தில் சுருக்கமாக எழுதிவைத்தேன். யார் பெயரையும் சொல்லவில்லை. கிடைக்காவிட்டாலும் எழுதுங்கள், படிக்கிறேன் என்று மட்டும் சேர்த்தேன். அப்புறம் நீல முகங்கள் வரத் தொடங்கின. கொஞ்சமாக இல்லை, நிறையவே வந்தன. வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு முதல் தடவையில் கிடைப்பதில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அவர்கள் எல்லோருமே பிளவின் தரையைத்தான் தடவுகிறார்கள். கையை மேல்நோக்கி மடக்க அவர்களில் யாருக்கும் தோன்றுவதில்லை. இத்தனை பேர் திணறுகிற டப்பாவுக்குக் கடினம் 1.5 பொருந்தாது என்று 2.5-ஆக உயர்த்தினேன்.

மறுநாளே ஒரு செய்தி வந்தது. எப்போதோ வந்து முறையாகக் கண்டுபிடித்துப் போனவர். கடினமும் தரையும் 1 முதல் 5 வரை அரை அரையாக ஏறும் அல்லவா, ஒன்பதுக்கு ஒன்பது, மொத்தம் 81 சேர்க்கை; அத்தனையிலும் ஒவ்வொரு டப்பாவாவது கண்டுபிடித்துக் கட்டத்தை நிரப்புவது சிலருக்குத் தவம். அவருக்கு 1.5-க்கு 4 என்ற கட்டத்தில் இருந்தது என் டப்பா ஒன்றுதானாம். நான் எண்ணை மாற்றியதும் அந்தக் கட்டம் காலியாகிவிட்டது, தயவுசெய்து பழையபடியே மாற்றிவிடுங்கள் என்று கேட்டிருந்தார். மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டு, அதே மதிப்புள்ள வேறு இரண்டு டப்பாக்களின் சுட்டியை அனுப்பினேன். அதில் ஒன்று தனக்கு ஏற்கெனவே கிடைக்காமல் போனது என்று எழுதினார். தளத்தில் போய்ப் பார்த்தேன். அந்த டப்பாவின் பக்கத்தில் அவர் பெயரில் ஒன்றும் இல்லை.